துபாஷியாரின் பின்னால் படியிறங்கிய ராஜா

முன்னொரு காலத்திலே தும்பைக்கோட்டை என்றொரு நாட்டை, தான் தும்மினால்கூட முரசு கொட்டச் சொல்லும் ஒரு ராஜா ஆண்டுவந்தான். பேர் பராக்கிரம வில்லவன். அவன் அரண்மனைக்கு அடியில் ஒரு பாதாளப் பண்டகசாலை. அதைக் காத்தவர்கள் மலைக்காரர்கள். அவர்கள் மொழியில் கேட்டால்தான் பொருள் வரும். கேட்டது கேட்டபடியே வரும்.

ஒருமுறை ராஜா அந்த மொழியில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு தானே கீழே போய், "திரையைக் கழற்றுங்கள்" என்று உத்தரவிட்டான். எந்த மண்டபத்துத் திரை என்று சொல்லவில்லை. பொழுது சாய்வதற்குள் அரண்மனையில் ஒரு திரை மிச்சமில்லை, குளியலறைத் திரை உட்பட. அப்போது உள்ளே ராஜா இருந்தான்.

அன்றிலிருந்து கீழே போய் மொழிபெயர்த்துக் கேட்கிற வேலை துபாஷி அனந்தப்பருக்கு. "மகாராஜா வாயைத் திறந்தால் போதுங்காணும், மிச்சம் அடியேன் பாடு" என்று மூக்கால் பேசுவார். வெற்றிலை கேட்டால் வெற்றிலை வரும், பன்னீர் கேட்டால் பன்னீர் வரும். எப்படி வருகிறது என்று ராஜா எட்டிப் பார்த்ததே இல்லை.

பார்த்தவள் அமைச்சர் இளவெயினி ஒருத்திதான். மலைக்காரர் மொழியை அவள் அடிமுதல் நுனிவரை கற்றிருந்தாள். அனந்தப்பருக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

ஒரு காலை, பக்கத்து நாட்டு மன்னர் ஆற்றங்கரையில் வந்து இறங்கிவிட்டார்.

"அவர் கோட்டை வாசலை மிதிப்பதற்குள் நம் யானைப்படை முழுக்க அலங்காரத்தோடு நிற்கவேண்டும்" என்றான் ராஜா. "ஒரு யானை வெறும் நெற்றியோடு நின்றாலும் நம் மானம் போச்சு."

யானை அலங்காரமெல்லாம் கீழே பண்டகசாலையில்; ஒரு யானையின் நெற்றிப்பட்டம் இன்னொன்றுக்குச் சேராது. அதை நினைத்த இளவெயினி, "அரசே, நான் நேரே கேட்கிறேன்" என்றாள்.

"நேரேயா?" அனந்தப்பர் சிரித்தார். "மகாராஜாவுக்குத் திரை ஞாபகம் இருக்குமே."

ராஜா தன் இடுப்புப் பட்டையை ஒருமுறை இறுக்கிக்கொண்டான்.

"அமைச்சரம்மா தோற்றால் முத்திரை மோதிரத்தைக் கழற்றித் தரட்டும்" என்றார் அனந்தப்பர்.

"தருகிறேன். முதலில் துபாஷியாரே தொடங்கட்டும். அரசர் அவர் பின்னாலேயே போய்ப் பார்க்கட்டும். அவ்வளவுதான் நான் கேட்பது."

அனந்தப்பர் கீழே இறங்கினார், ராஜாவும் இறங்கினான். முதல் யானைக்குப் பட்டம் கேட்டார், மேலே கொண்டுவந்தார். மறுபடி இறங்கி அதே யானைக்கு மணி. மறுபடி இறங்கி அம்பாரி. அடுத்த யானைக்கும் அதே கூத்து. ராஜாவின் கிரீடம் காதுக்கு வந்துவிட்டது.

"யோவ் அனந்தப்பரே, எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்டால் என்ன?"

"அடியேனுக்கு அப்படிக் கேட்டுப் பழக்கமில்லை மகாராஜா. ஒவ்வொன்றாகத்தான்."

ஆற்றங்கரையில் கொம்பு முழங்கியது. விருந்தாளி புறப்பட்டுவிட்டார்.

இளவெயினி மலைக்காரர் முன் நின்றாள். "முற்றத்தில் இன்னும் வெறுமனே நிற்கிற யானைகள் எவையோ, அவற்றுக்கு மட்டும் பட்டம், மணி, அம்பாரி. யானைவாரியாகக் கட்டி ஒரே நடையில் மேலே வரட்டும். எடுக்குமுன் எதை எடுப்பீர்கள் என்று சொல்லிக்காட்டுங்கள்."

அவர்கள் சொன்னார்கள். அவள் தமிழாக்கினாள்.

"அதில் திரை ஏதும் இல்லையே?" என்றான் ராஜா மெல்ல.

"இல்லை அரசே."

ஒரே நடை. விருந்தாளி வாசலை மிதித்தபோது யானைகள் பொன்மலை வரிசையாக நின்றன. அவர் வாய் திறந்தது திறந்தபடி. ராஜாவுக்கு மார்பு இரண்டு சாண் அகன்றது. தன் கழுத்து ஆரத்தை இளவெயினிக்குப் போட்டான். "இனித் துபாஷி எதற்கு? விரட்டிவிடலாம்."

அனந்தப்பரின் தலை தொங்கியது.

"வேண்டாம் அரசே" என்றாள் இளவெயினி, மோதிர விரலைத் தடவியபடி. "தினப்படி வெற்றிலைக்கு நான் போனால் ராஜ்ஜியத்தை யார் பார்ப்பது? அதற்கு அவர்தான் சரி. யானைப்படை என்றால் என்னைக் கூப்பிடுங்கள்."

ராஜா அவள் காதருகே குனிந்தான். "அந்தக் குளியலறைத் திரை இன்னும் திரும்பி வரவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது. நீயே நேரே கேட்டு..."

"ஒரே ஒரு திரைதானே அரசே" என்றாள் சபைக்கெல்லாம் கேட்கும்படி. "துபாஷியார் போதும்."