எல்சி அம்மாளின் வாசல்

அமெரிக்காவின் அரிசோனாவில், நவஹோ பழங்குடி மக்களின் வறண்ட மேட்டு நிலத்தில், எல்சி என்ற நெசவுக்கார அம்மாளின் வீட்டுக்கு ஐம்பதடி தள்ளிக் கார் நின்றது. சாந்தநாயகி இன்ஜினை அணைத்தார். இறங்கவில்லை.

பக்கத்தில், அவரிடம் புகைப்படக் கலை கற்கும் சீடர் பூவராகன். குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபத்திரண்டு. ரயில் நிலைய வேலையில் மணி பார்த்தே தலை நரைத்த மனிதர்.

போன வருடம் இதே வாசலில், விடியலில் கிழக்கு நோக்கிப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்த எல்சி அம்மாளைப் பூவராகன் ஒளிந்து நின்று படம் எடுத்தார். அந்த அம்மாள் பார்த்துவிட்டார். பிரார்த்தனையைப் பாதியில் விட்டு உள்ளே போய்விட்டார். படம் சென்னையில் ஒரு புகைப்படப் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. பூவராகனுக்குத் தூக்கம் போயிற்று. படத்தையும் பிலிமையும் ஒப்படைத்து மன்னிப்புக் கேட்கத்தான் இத்தனை தூரம் வந்திருந்தார்.

பத்து நிமிடம் ஆயிற்று.

"கதவைத் தட்டட்டுமா அம்மா?"

"வேண்டாம் ஐயா."

"ஹாரன்?"

"ஊஹூம். வீட்டுக்காரங்க வெளியே வந்தாத்தான் இறங்கணும். இங்க வழக்கம் அது."

நாய் ஒன்று வந்து காரை மோந்து பார்த்துவிட்டு நிழலில் படுத்தது. ஜன்னலில் எல்சி அம்மாளின் முகம் தெரிந்து மறைந்தது.

"பார்த்துட்டாங்க! பார்த்தும் வரலியே?"

"யோசிக்கிறாங்க."

"வராமலே இருந்துட்டா?"

"திரும்பிப் போவோம்."

பூவராகன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் ஆயிற்றென்று அவருக்கே தெரியாது.

கதவு திறந்தது. எல்சி அம்மாள் வெளியே வந்து, கையசைத்துக் கூப்பிட்டார்.

உள்ளே போனதும் பூவராகன் படமும் பிலிமும் இருந்த உறையை நீட்டினார். "கேட்காம எடுத்துட்டேன். தப்பு. வேற பிரதி கிடையாது. மன்னிச்சுடுங்க."

எல்சி அம்மாள் படத்தை நிதானமாகப் பார்த்தார். அடுப்பைத் திறந்தார். படம், பிலிம், உறை எல்லாவற்றையும் நெருப்பில் போட்டார்.

"சரி, அது முடிஞ்சுது. உட்காருங்க, சாப்பிடலாம்."

பரிசு வாங்கிய அன்றுகூடப் பூவராகனுக்கு இத்தனை சந்தோஷம் வந்ததில்லை. ஆட்டுக்கறியும் பொரித்த ரொட்டியும் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எல்சி அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார்.

திரும்பும் வழியில் பூவராகனால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஒரு சந்தேகம் அம்மா. நான் முதல்லயே தட்டியிருந்தா, திறந்திருக்க மாட்டாங்களா?"

"திறந்திருப்பாங்க," என்றார் சாந்தநாயகி. "கதவை மட்டும்."