ராஜாவின் பொற்காலம்

வெண்குடி ராஜாவுக்குத் திடீரென்று பழைய நினைப்பு பிடித்துக்கொண்டது. தன் வாலிபத்தின் பத்து வருஷம்தான் பொற்காலம், நாடு இனி அப்படியே இருக்க வேண்டும் என்று தண்டோரா போடச் சொன்னார். அதற்குப் பின் கட்டிய வீடுகளையெல்லாம் இடித்தார்கள். தடுத்த தச்சனின் தலை கோட்டை வாசலில் தொங்கியது. ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை.

மேலத்தெருவின் ஒரே கிணறும் பிறகு வெட்டியதுதான் என்று அதை மண் போட்டு மூட ஆட்கள் வந்தார்கள். அங்கே தண்ணீர் இறைத்துப் பிழைக்கும் பூவாயி அரண்மனைக்குப் போனாள். சபைக்குள் நுழைந்தவள் சிம்மாசனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கதவோரம் காலியாகக் கிடந்த இடத்தில் விழுந்து கும்பிட்டாள்.

காவலர்கள் வாளை உருவினார்கள்.

"அங்கே யாரடி இருக்கிறார்?" என்றார் ராஜா.

"நீங்கதான் சாமி." பூவாயி கும்பிட்ட கையை இறக்கவில்லை. "அந்தப் பத்து வருஷமும் நீங்க இங்கேதானே நின்னீங்க. சிம்மாசனத்துல உங்க அண்ணன் இருந்தாரு. அவரை நிலவறையில போட்டது அதுக்கப்புறம்தானே. உத்தரவுப்படி கும்பிட்டேன்."

தளபதியின் கண்கள் மெல்ல நிலவறைக் கதவுப் பக்கம் திரும்பின.

"கிணறு இருக்கட்டும்," என்றார் ராஜா. அவருடைய இரண்டு கைகளும் சிம்மாசனத்தை இறுகப் பிடித்திருந்தன.