டிரான்ஸ்பார்மரைத் தேடிப் போன குழி

செம்பாறைப்பட்டி நூல் மில்லில் சிங்கராயர், தவசி, பொன்னுக்கண்ணு என்று மூன்று வயர்மேன்கள் இருந்தார்கள். சொன்ன சொல் தட்டாதவர்கள். மில்லுக்கு அதுதான் பயம்.

புது டிரான்ஸ்பார்மர் வந்து மேடையில் உட்கார்ந்தது. அதன் நியூட்ரல் முனையிலிருந்து ஒரு செம்புப் பட்டையை எர்த் குழிக்குள் இறக்க வேண்டும். கோளாறு வந்தால் கரண்டு அந்த வழியாக மண்ணுக்குள் போய்விடும், மனுஷர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

என்ஜினியர் லில்லி மேடம் தெளிவாகத்தான் சொன்னார். "பட்டையை வெட்டக்கூடாது, ஒட்டுப் போடக்கூடாது. குழி காயாம தினமும் அஞ்சு மணிக்குத் தண்ணி ஊத்தணும். இன்னிக்கு சாயங்காலம் மின்சார இன்ஸ்பெக்டர் வர்றார். அவர் சரின்னா உங்க மூணு பேருக்கும் வேலை நிரந்தரம். இல்லேன்னா நாளையிலருந்து வராதீங்க."

குழி வெட்டினார்கள். கரியும் உப்பும் கொட்டினார்கள். தவசி ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தான். "உப்பு பத்தலண்ணே." இன்னொரு மூட்டை போட்டார்கள்.

பட்டையை இழுத்தால், குழிக்கு இரண்டு முழம் எட்டவில்லை.

"ஒட்டுப் போட்டா?" என்றான் தவசி.

"கூடாதுன்னாங்கல்ல."

சிங்கராயர் தாடையைச் சொறிந்தார். "குழியை நகர்த்தக்கூடாதுன்னு சொன்னாங்களா?"

"அதைச் சொல்லலண்ணே. ஆனா குழியை எப்படித் தூக்கறது? பிடிக்க இடமே இல்லையே."

"யாருடா தூக்கச் சொன்னா? முன்னாடி தோண்டு, பின்னாடி மூடு. தானா நடந்து வரும்."

ஆச்சரியம், வந்தது. மத்தியானத்துக்குள் குழி பட்டையின் நுனியைத் தொட்டுவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"விறைப்பா நிக்குதே," என்றான் பொன்னுக்கண்ணு. "கொஞ்சம் தொய்வு வேணாமா?"

"வேணும்தான். இன்னும் ஒரு முழம் தோண்டு."

ஒரு முழம் இரண்டானது, இரண்டு நாலானது. மேடைக்கு அடியில் மண் தீர்ந்து மேடை ஒரு பக்கம் சரிந்தது. டிரான்ஸ்பார்மர் மெல்லத் தலைசாய்த்து, அலுத்துப்போன யானை மாதிரி குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

மூவரும் எட்டிப் பார்த்தார்கள்.

"தொய்வு போதும்," என்றார் சிங்கராயர்.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்தார். காலி மேடையைப் பார்த்தார். "டிரான்ஸ்பார்மர் எங்கப்பா?"

"குழியில இருக்கு சார். பட்டை தாராளமா எட்டுது. மிச்சத்தைக்கூட வெட்டல, சுருட்டி வெச்சிருக்கோம்."

இன்ஸ்பெக்டர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். குழியோரமாகவே உட்கார்ந்தார். "இதை யார் செஞ்சது?"

"மூணு பேரும்தான் சார்," சிங்கராயர் நெஞ்சை நிமிர்த்தினார். "மூணு பேரையும் சேர்த்தே நிரந்தரம் பண்ணிடுங்க."

இன்ஸ்பெக்டர் வாயைத் திறப்பதற்குள் மில்லில் அஞ்சு மணிச் சங்கு ஊதியது. தவசி இரண்டு கையிலும் குடத்தோடு வந்து பணிவாக நின்றான்.

"சார், கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க. தண்ணி ஊத்தணும்."