நீராகாரத்தைப் பிரித்த கதை

குழந்தையம்மை குருவாக இருந்த மடத்தில் அவரைவிட வயதில் மூத்த சீடர் ஒருவர் உண்டு. பெயர் ஆதிமூலம். இலக்கண ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி செண்பகம் இறந்த மறு வருஷம் மடத்துக்கு வந்து சேர்ந்தார். முக்தியெல்லாம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. செண்பகத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகாரத்தை விட்டுவிட்டு வெறும் தண்ணீரில் இருந்தால் போனவர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள் என்று யாரோ வழிப்போக்கர் சொல்லிவைக்க, பங்குனி வெயிலில் ஆரம்பித்துவிட்டார். குரு வேண்டாம் என்றார். ஆதிமூலம் பணிவாகக் கேட்டுக்கொண்டார், பணிவாகவே தொடர்ந்தார். வாத்தியார் பட்டினி கிடந்தாலும் விதிப்படிதான் கிடப்பார் என்று மற்ற சீடர்கள் கேலி பேசினார்கள்.

விதிப்படிதான் கிடந்தார். பானை பானையாகத் தண்ணீர் குடித்தார். குடித்ததெல்லாம் வியர்வையாகவும் மற்றதாகவும் வெளியேறிக்கொண்டே இருந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது, கெண்டைக்கால் இழுத்தது, எழுந்தால் தலை சுற்றியது. ஒரு மத்தியானம், முற்றத்து வேப்பமரத்தடியில் செண்பகம் நின்றாள்.

அதன்பிறகு பாயைவிட்டு அவரை எழுப்ப யாராலும் முடியவில்லை.

குழந்தையம்மை ஒரு செம்போடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சோறு ஊறிய தண்ணீர், உப்புப் போட்டுக் கரைத்தது.

"குடியுங்கள், ஐயா."

"விரதத்தில் தண்ணீருக்கு மட்டும்தான் இடம் அம்மா."

"இது நீராகாரம். பெயரிலேயே நீர் இருக்கிறதே."

ஆதிமூலத்தின் குரல் தேய்ந்திருந்தது, இலக்கணம் தேயவில்லை. நீரும் ஆகாரமும் என்று விரித்தால் உம்மைத்தொகை, நீராகிய ஆகாரம் என்று விரித்தால் பண்புத்தொகை, எப்படிப் பிரித்தாலும் கடைசியில் ஆகாரம் மிஞ்சுகிறது என்று மூச்சு வாங்க விளக்கினார்.

"பிரிக்காமல் குடியுங்கள்."

அவர் சிரிக்கவில்லை. குழந்தையம்மையும் வற்புறுத்தவில்லை. உப்பில்லாத தண்ணீர் உடம்பில் தங்காது, சோற்றின் மாவு கொஞ்சம் உள்ளே போனால்தான் எழுந்து உட்காரத் தெம்பு வரும் என்று மட்டும் சொன்னார்.

"தெரியும் அம்மா. குடித்தால் தெளிந்துவிடும். தெளிந்தால் அவள் போய்விடுவாள்."

குழந்தையம்மை திரும்பி மரத்தைப் பார்த்தார். வெயிலைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை.

"இப்போது இருக்கிறார்களா?"

"நிற்கிறாள். அதே மாம்பழ நிறப் புடவை."

"என்ன சொல்கிறார்கள்?"

"ஒன்றும் சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வந்ததிலிருந்து அப்படித்தான்."

குழந்தையம்மை செம்பைத் தரையில் வைத்தார்.

"நீங்கள் இப்படிக் கிடப்பதைப் பார்த்தும், சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லையா?"

ஆதிமூலம் வெகுநேரம் மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கண்ணை அங்கிருந்து எடுக்காமலே, செம்பைத் தேடிக் கையை நீட்டினார்.