பழைய சோற்றுக்கு வந்த பவிசு

ஒரு காலத்தில் கோவில்பட்டியில் ஒரு பெயிண்ட் கடைக்காரர் வீட்டில் ஓர் அலுமினியத் தட்டும் பழைய சோறும் சிநேகமாக இருந்தன.

தட்டு அந்த வீட்டுத் தட்டுகளோடு சேர்ந்தது அல்ல. மற்றவை எவர்சில்வர். அவை அடுக்களைக் கம்பி அடுக்கில் வரிசையாக நிற்கும். இது மட்டும் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லுக்கு மேலே இருந்த மாடத்தில் தனியாகக் கிடக்கும். வீட்டு வேலைக்கு வரும் குருவம்மாளுக்கென்று ஒதுக்கிய தட்டு அது. அதில் வேறு யாரும் சாப்பிட மாட்டார்கள். தப்பித் தவறி அடுக்களைக்குள் வந்துவிட்டால், உடனே எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள்.

பழைய சோற்றுக்கும் அடுக்களையில் மரியாதை கிடையாது. ராத்திரி மிஞ்சியதில் தண்ணீரை ஊற்றி, பிடி கழன்ற ஒரு ஏனத்தில் மூடி, பின்கதவு ஓரமாகத் தள்ளி வைப்பார்கள்.

குருவம்மாள் காலை ஆறு மணிக்கு வருவாள். வாசல் தெளித்து, பாத்திரம் கழுவி, வீடு கூட்டி, துணி துவைத்து முடிக்கும்போது மணி பத்தாகும். அப்போதுதான் தட்டை எடுத்துக்கொண்டு பின்படியில் உட்காருவாள். பழைய சோறு தட்டில் இறங்கும். கூடவே நேற்றைய குழம்போ இரண்டு மோர் மிளகாயோ இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் சேலை முந்தியை அவிழ்த்து ஒரு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்வாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. வெறும் வயிற்றில் மாத்திரையைப் போடாதே, மயங்கி விழுந்துவிடுவாய் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அவள் வீட்டில் ராத்திரிச் சோறு மூன்று பிள்ளைகளோடு முடிந்துவிடும். ஆகவே அந்தப் பத்து மணிச் சோறுதான் அவளுக்கு ஆதாரம்.

பன்னிரண்டு வருஷம் இப்படி நடந்தது.

"என்னடா நெளிசல், இன்னிக்கும் நம்ம ரெண்டு பேரையும் வெளியிலயே வச்சுட்டாங்க" என்று பழைய சோறு சொல்லும். தட்டின் ஓரம் நெளிந்திருந்ததால் அதற்கு அந்தப் பெயர்.

"உள்ளே போயி என்ன செய்யப் போற, பழசு? அங்க இட்லிக்கு முன்னால நீ நிக்க முடியுமா? இங்கன்னா நீதான் ராசா."

"ராசாதான். ஒரே ஒரு குடி உள்ள ராசா."

இரண்டும் சிரிக்கும்.

ஒரு நாள் பெயிண்ட் கடைக்காரர் செல்வநாயகம் ரத்தப் பரிசோதனைக்குப் போனார். கொழுப்பு ஏறியிருக்கிறது என்று ஒரு தாள் வந்தது. அந்தத் தாளை அவர் மனைவி சண்முகக்கனி குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். மறுநாளே வீடு மாறத் தொடங்கியது.

முதலில் சீனி டப்பாவை இறக்கினார்கள். அப்புறம் மைதா, பாக்கெட் மசாலா, நூடுல்ஸ், டீத்தூள், பாக்கெட் எண்ணெய். எல்லாவற்றையும் ஒரு சாக்குக்குள் போட்டுப் பின்கதவு ஓரமாக வைத்தார்கள்.

"இதெல்லாம் விஷம், குருவம்மா. இனிமே எங்களுக்கு வேண்டாம்" என்றாள் சண்முகக்கனி. "நீ எடுத்துட்டுப் போ. பிள்ளைங்களுக்குக் குடு."

"சரிக்கா" என்றாள் குருவம்மாள்.

சாக்குக்குள்ளிருந்து சீனி எட்டிப் பார்த்தது. "இங்க இருந்தா நான் விஷம். அங்க போனா தானம். எனக்கே தலை சுத்துது" என்றது.

"அவளுக்குச் சர்க்கரை வியாதின்னு இந்த அம்மாவுக்குத் தெரியாதா?" என்று கேட்டது தட்டு.

"தெரியும். அவ ரத்தத்துல எங்க சொந்தக்காரங்க ஏற்கெனவே நிறைய பேர் குடியிருக்காங்களாம். அவங்களோட போயி இருந்துக்கன்னு அனுப்புறாங்க போல."

அன்று மத்தியானம் சாக்கு குருவம்மாளின் தலையில் ஏறிப் போயிற்று.

அடுத்த வாரம் புதியவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளைச் சம்பா அரிசி சணல் பையில் வந்தது. செக்கு எண்ணெய் கண்ணாடிப் புட்டியில் வந்தது. வரகும் சாமையும் கேழ்வரகும் கண்ணாடி ஜாடிகளில் பெயர் ஒட்டி நின்றன. மண்சட்டிகள் ஐந்து, வைக்கோலில் பொதிந்து வந்து இறங்கின. கடையில் வாங்கிய எதுவும் இனிக் கிடையாது, எல்லாம் வீட்டிலேயே செய்வது என்று முடிவாயிற்று.

வீட்டிலேயே செய்வது என்றால் யார் செய்வது என்பதை யாரும் பேசவில்லை. சாமையில் கல் பொறுக்கியவள் குருவம்மாள். மிளகாய் மல்லியை மொட்டை மாடியில் காயவைத்து, இடித்து, சலித்தவள் குருவம்மாள். மண்சட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது என்பதால் சாம்பலும் தேங்காய் நாருமாக ஒவ்வொன்றையும் பத்து நிமிஷம் தேய்த்தவளும் அவள்தான். பத்து மணிக்கு முடிந்த வேலை பதினொன்றரைக்கு முடிந்தது.

தட்டுக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

"நல்ல அரிசி வந்திருக்குடா, பழசு. இனிமே நீயும் நல்ல அரிசியிலதான் பிறப்ப. அவளுக்கும் கொஞ்சம் தெம்பு வரும்" என்றது.

அதற்கு மறுநாள் காலையில்தான் அது நடந்தது. செல்வநாயகம் அடுக்களை வாசலில் கைபேசியோடு வந்து நின்றார்.

"ஏளா, நேத்து வச்ச சோறு இருக்கா?"

"எதுக்கு? அது குருவம்மாளுக்குத் தண்ணி ஊத்தி வச்சதுல்லா."

"இதப் பாரு. பழைய சோத்துல இருக்கற சத்து வேற எதுலயும் கிடையாதாம். குடலுக்கு நல்லதாம். ஒரு டாக்டரே சொல்லுதாரு. அதை எடு இங்க."

"அவ சாப்பிடுறதை எப்படி..."

"அவளுக்கு வேற எதாவது குடு."

பழைய சோறு இருந்த ஏனம் முதல் முறையாகப் பின்கதவைத் தாண்டி உள்ளே போனது. போகும்போது சோறு தட்டைத் திரும்பிப் பார்த்தது.

"ஒரு நாள்தாண்டா, நெளிசல். பெரிய மனுசன் ஆசைப்பட்டுட்டாரு. நாளைக்கு வந்துடுதேன்."

"போயிட்டு வா" என்றது தட்டு.

குருவம்மாள் வேலை முடித்து வந்தாள். தட்டை எடுத்தாள். ஏனத்தைத் தேடினாள். சண்முகக்கனி ஒரு டம்ளரில் ஆவாரம்பூக் கஷாயத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இன்னிக்கு அண்ணாச்சி சாப்பிட்டுட்டாங்க, குருவம்மா. இதைக் குடி. சர்க்கரைக்கு நல்லது."

குருவம்மாள் கஷாயத்தைக் குடித்தாள். பிறகு, எதுவும் விழாத தட்டைக் குழாயடியில் காட்டிக் கழுவி மாடத்தில் வைத்தாள். பழக்கம்.

பழைய சோறு மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அதற்கென்று ஒரு தனி மண்சட்டி ஒதுக்கிவிட்டார்கள். முன்பெல்லாம் மிஞ்சினால்தான் பழைய சோறு. இப்போது பழைய சோறு வேண்டும் என்பதற்காகவே ராத்திரியில் ஒரு ஆழாக்கு தனியாக வடித்தார்கள். மற்றபடி அளந்து பொங்கினார்கள். நேற்றுச் சமைத்த குழம்பு இன்று கெடுதல் என்று குளிர்சாதனப் பெட்டியையும் பாதி காலி செய்துவிட்டார்கள். ஒரு பருக்கைகூட மிஞ்சவில்லை.

"இப்ப எல்லாம் அளவாத்தான் செய்யறோம், குருவம்மா. நீ வீட்டுலயே சாப்பிட்டுட்டு வந்துரு" என்றாள் சண்முகக்கனி.

"சரிக்கா."

வீட்டில் என்ன இருக்கிறது என்று இவளும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. குருவம்மாள் மாத்திரையைப் பாதியாக ஒடித்துப் போட்டுக்கொள்ளத் தொடங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வநாயகத்தின் நண்பர்கள் வந்தார்கள். பழைய சோற்றை நடுமேசையில் வைத்து, சுற்றிலும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் அடுக்கி, மேலே தயிர் ஊற்றிப் படம் எடுத்தார்கள். "இதுதான் நம்ம முன்னோர் சாப்பிட்டது" என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அன்று பின்கதவு திறந்திருந்தது. தட்டுக்கு மேசை தெரிந்தது.

"பழசு" என்று கூப்பிட்டது.

பழைய சோறு உடனே திரும்பவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகு, "என்னப்பா?" என்றது. நெளிசல் என்று சொல்லவில்லை.

"நல்லா இருக்கியா? செவப்பா ஆயிட்ட."

"மாப்பிள்ளைச் சம்பா. ரசாயனம் போடாதது."

"சரிதான். ஒரு விசயம் சொல்லணும். அவ இருபது நாளா வெறும் வயித்துல வேலை செய்யுதா. கஷாயத்தைக் குடிச்சுட்டு மாத்திரை போடுதா. நீ நாளைக்கு ஒரு ரெண்டு பிடி மிஞ்சி வாயேன்."

"மிஞ்சுறதா? அது முன்னாடி. இப்ப நான் மிஞ்சுறதில்ல. அளவு."

"அவர் வயிறு நிறைஞ்சதும் கொஞ்சம் வழுக்கிக்கிட்டுச் சட்டியிலயே நின்னுரு. யாருக்குத் தெரியப் போகுது?"

"அப்படியே நின்னாலும் உங்கிட்ட வர முடியாதுப்பா" என்றது பழைய சோறு.

"ஏன்?"

"நான் புளிச்ச சோறு. நீ அலுமினியம். புளிப்பும் அலுமினியமும் சேரக் கூடாதாம். உடம்புக்கு ஆகாதாம். நேத்து இங்க பேசிக்கிட்டாங்க."



"பன்னெண்டு வருஷமா சேர்ந்தோமே" என்றது தட்டு.

"அப்ப யாரும் எங்கிட்டச் சொல்லல. எனக்கும் விவரம் தெரியல" என்ற பழைய சோறு, வெங்காயத்தின் பக்கம் திரும்பிக்கொண்டது.

பக்கத்தில் நின்ற கேழ்வரகு ஜாடி இதைக் கேட்டது. கேழ்வரகுக்குக் குருவம்மாளின் அப்பனையும் தெரியும், தாத்தாவையும் தெரியும். அவர்கள் வயிற்றை வளர்த்த தானியம் அது. ஆனால் ஜாடிக்கு மூடி இறுக்கமாகப் போட்டிருந்தது. அதுவும் வாயைத் திறக்கவில்லை.

அந்த மாதம் டாக்டரம்மா குருவம்மாளின் ரத்தத்தைப் பார்த்துவிட்டுத் திட்டினாள். சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லையா என்று கேட்டாள். பாதிதான் போடுகிறேன் என்று சொல்லக் குருவம்மாளுக்கு வெட்கம். ஏன் பாதி என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு என்ன பதில் சொல்ல? அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கஷாயத்தோடு முழு மாத்திரையையும் விழுங்கினாள். பின்படியில் உட்கார்ந்து மண்சட்டியைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"மெதுவாத் தேயி. எனக்குக் கீறல் விழும்" என்றது மண்சட்டி.

"அவ கை நடுங்குது, பாத்தியா?" என்றது தட்டு.

"நடுங்கினா பிடியை இறுக்கச் சொல்லு. என்னைத் தேடிப் பிடிச்சு வாங்கியிருக்காங்க."

குருவம்மாளின் நெற்றியெல்லாம் வேர்த்தது. சுவரைப் பிடிக்கப் போன கை மாடத்தில் பட்டு, தட்டு கீழே விழுந்தது. அவளும் விழுந்தாள். சட்டி சிதறியது.

சத்தம் கேட்டுச் சண்முகக்கனி ஓடிவந்தாள்.

"சட்டி போச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள், அப்புறம்தான் ஆளைப் பார்த்தாள். "ஏ குருவம்மா, என்ன செய்யுது? ஏங்க, இங்க வாங்க."

கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் குருவம்மாள் கண்ணைத் திறந்தாள். எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்டாள் சண்முகக்கனி.

"அக்கா தந்த சாக்குல நூடுல்ஸ் கடைசிப் பாக்கெட் இருந்திச்சு. பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டேன்."

"நீ என்ன சாப்பிட்ட?"

குருவம்மாள் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த தட்டை நிமிர்த்தி வைத்தாள்.

செல்வநாயகம் சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்து வந்திருந்தார். வலக் கையை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார். விரல் நுனியில் சோற்றுத் தண்ணீர் சொட்டியது.

"அதான் சொல்லுதேன். கண்டதையும் பாக்கெட்டுல வாங்கித் திங்கறீங்க. உடம்புல எப்படிச் சத்து இருக்கும்?" என்றார். குரலில் கோபம் இல்லை, அக்கறைதான். "நான் சொல்லுறதைக் கேளு, குருவம்மா. தினம் காலையில பழைய சோறு சாப்பிடு. அதுக்கு மிஞ்சின மருந்து கிடையாது. என்னையப் பாரு, ஒரே மாசத்துல எப்படி ஆயிட்டேன்."

குருவம்மாள் அவர் விரல்களைப் பார்த்தாள்.

"சரி அண்ணாச்சி" என்றாள்.

அப்புறம் குனிந்து, உடைந்த சட்டியின் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அந்தத் தட்டில் போட்டாள். அன்றைக்கு அதில் விழுந்தது அதுதான்.

உள்ளே, மேசை மேல், பாதி சாப்பிட்டு வைத்த பழைய சோறு பூரித்துப்போய் இருந்தது. அவர் தன்னைப் புகழ்ந்தது மட்டும்தான் அதன் காதில் விழுந்திருந்தது.