சுபேதார் சுட்ட கடமான்

பொம்மக்காவிடம் வேட்டை படிக்க மலைக்கு வந்தவர் சுபேதார் சிங்கராயர். குறி தவறாதவர் என்று பட்டாளத்தில் பதக்கம் வாங்கியவர். குருவைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அவருக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு.

தினைக்காட்டை அழித்துக்கொண்டிருந்த கடமானைத் தேடி இருவரும் விடியற்காலையில் கிளம்பினார்கள்.

"மானுக்கு எந்தத் தோட்டாம்மா நல்லது? கூர்முனை ரொம்ப தூரம் போகும், துளைச்சிட்டு வெளிய வந்துடும். மொட்டைமுனை உள்ள போயி விரியும்."

"கிட்டப் போனதும் சொல்றேன்."

ஓடைக்கு அக்கரையில் மான் தெரிந்தது. முந்நூறு கஜம் இருக்கும். பட்டாளத்துப் பழக்கம் சும்மா இருக்குமா? கூர்முனையைப் போட்டார், சுட்டுவிட்டார்.

வயிற்றில் பட்டது. மான் விழவில்லை. துள்ளிப் புதருக்குள் ஓடி மறைந்தது.

"பட்ட மானை விட்டுட்டுத் திரும்புனவங்க இங்க மறுபடி துப்பாக்கியைத் தொடுறதில்ல, சுபேதாரே. நடங்க."

இலைக்கு இலை ரத்தம் பார்த்து நடந்தார்கள். உச்சிவெயில் சாய்ந்தது. ஒரு பாறைக்குமேல் ரத்தத் தடம் நின்றுபோனது.

மேட்டில் சீழ்க்கைச் சத்தம் கேட்டது.

"யாரும்மா அது?"

"செந்நாய். ரத்தவாடை பிடிச்சிட்டு வருது. உயிர் போறவரைக்கும் காத்திருக்காது, அப்படியே தின்ன ஆரம்பிச்சிடும்."

சிங்கராயருக்கு வெட்கமாக இருந்தது. துப்பாக்கி போனால் போகட்டும், அந்த மானை நாய்களிடம் விடக் கூடாது என்று நினைத்தார். மண்டிபோட்டு, முழங்கை உரசத் தரையைத் தடவிக்கொண்டே போனார். மடங்கிக் கிடந்த ஒரு புல்லில் ஒரு சொட்டு இருந்தது.

சீழ்க்கை இப்போது இரண்டு பக்கமும் கேட்டது.

ஈங்கைமுள்ளை விலக்கினார். நாலு முழத்தில் மான் படுத்திருந்தது. எழ முயன்றது, முடியவில்லை. அவரையே பார்த்தது.

பையில் கைவிட்டார். இரண்டு வகைத் தோட்டாவும் கையோடு வந்தன.

"இப்பவாவது மொட்டைமுனை போடணுமாம்மா?"

பொம்மக்கா அவர் பக்கத்தில் குனிந்தாள்.

"அதோட கண்ணு உங்களுக்குத் தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப எதை வேணா போடுங்க. சீக்கிரம்."