வால்வைத் திறக்கும் பெருமை

இராணிப்பேட்டையில், புதிய வேதிப்பொருள்களைச் சிறு உலையில் செய்துபார்க்கும் கூடமொன்றில் செங்கமலம் பணிபுரிந்தாள். உலை கொதித்து வெடிக்காதிருக்க, அமிலக் குழாயின் வால்வைச் சற்றே திறந்து, சொட்டுச் சொட்டாகவே விடுவாள்.

ஒருநாள் விருந்தினரோடு வந்த மேலாளர் வேதநாயகம் சீறினார்: "பிள்ளைக்கு மருந்தா புகட்டுகிறாய்? முழுவதையும் ஒரேயடியாக ஊற்று. இல்லையேல் நாளை வேலைக்கு வராதே!"

"ஆகட்டும், ஐயா. அந்தப் பெருமை தங்களுக்கே சேரட்டும்; வால்வைத் தாங்களே திறந்துவையுங்கள். நாங்கள் வெளிவாயிலில் நின்று கைதட்டுகிறோம்."

விருந்தினர் விரைந்து வெளியேறினர். வால்வைப் பிடித்த மேலாளர் சன்னல்வழியே பார்த்தார். அவருடைய ஓட்டுநரே காரைச் சாலைக்கு அப்பால் நகர்த்திக்கொண்டிருந்தார்.

"அவ்வளவு தூரம் எதற்கம்மா?"

கதவருகே நின்ற செங்கமலம் பணிவாகச் சொன்னாள்: "கைதட்டல் அங்கிருந்தும் கேட்கும், ஐயா."

மேலாளரின் கை தானாக விலகியது; கால்கள் காரை நோக்கி விரைந்தன. மாலைவரை அமிலம் சொட்டுச் சொட்டாகவே இறங்கியது. விருந்தினர் திரும்பிவந்து உலையருகே நின்று செங்கமலத்தை வியந்தனர். மேலாளர் மட்டும் காரைவிட்டு இறங்கவில்லை.